தாமெலோ

கடல்முள்ளிக்கு ஒரு சாண் மேலே அந்தப் பெடியனின் கை.
புறாமலைக்குத் தெற்கே, இடுப்பளவுத் தண்ணி,
முள் ஒவ்வொன்றையும் எண்ணலாம்.
வாயில் வந்த ஸ்பானியத்தை எறிந்தேன்:
"நோ தோக்கலோ!"
கை நின்றது.
பிறகு மூச்சுக்குழாயைக் கழற்றிச் சிரித்தான் இகெர்,
பதினொரு வயசு, மூக்கில் வெள்ளைக் களிம்பு.
பிழையாம்.

லைஃப் ஜாக்கெட் ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கம்
என் ஸ்பானியம் முழுக்கக் கட்டளைகள்:
இருங்கோ. பிடியுங்கோ. குனியுங்கோ. தொடாதேங்கோ.
"காலை வணக்கம்" கூட இன்னும் எழுதவில்லை.

துவாய்க்குள் சுருண்டபடி
பாதி இங்கிலீசு, மிச்சம் விரல்,
படகுப் பலகையில் ஈரத்தால் எழுதிக் காட்டினான்.
அங்கேயும் தா என்றால் தாதான்.
நாக்கு பல்லில் படும் அதே இடம்,
தொண்டை மட்டும் கொஞ்சம் அதிரவேணும்.
பின்னால் மே ஏறும்: எனக்கு.
அதுக்கும் பின்னால் லோ: அதை.
தாமெலோ.
"ஏலேலோவுக்குச் சொந்தக்காரன் போல"
என்றான் எஞ்சினடியில் இருந்த இம்தாத்.

இரண்டு பேர் ஏறிவிட்டால்
தாவின் தலையில் ஒரு சாய்ந்த கீறு போடவேணுமாம்,
பாரம் பின்னுக்குப் போனாலும்
அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்க.
இது எனக்கு உடனே விளங்கியது.
தடித்த ஆட்கள் கடையாரில் இருந்தால்
அணியம் தூக்கும், நாங்களும் ஆளை மாற்றித்தானே இருத்துவோம்.

நான் மனசுக்குள் வேறொன்று நினைத்தேன்.
எங்கள் தாவுக்கு ஆள் ஏற்றவே தேவையில்லை.
தா என்றால் கேட்பவருக்கே.
மூன்றாம் ஆளுக்கென்றால் கொடு.
ஓரெழுத்துக்குள் ஒருத்தி
கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், தெரியாமல்.

"நோ வந்தால்?" என்று கேட்டேன்.
பலகையில் எழுதியதை உள்ளங்கையால் அழித்தான்.
நோ வந்தால் மே இறங்கும், லோ இறங்கும்,
இரண்டும் முன்னுக்கு நடக்கும்,
வினை பின்னால் வெறுமையாக வரும்:
நோ மே லோ தெஸ்.

எனக்கு இது தெரியும்.

சாம்பல்தீவுப் பாலத்தடி, நிலாவெளி பஸ்.
பஹின்ன. பென்னன்ன. யன்ன.
சிங்களத்தில் முதல் படித்த மூன்று சொல்லும் அவைதான்,
எனக்கு அப்போது ஒன்பது வயசு.
சனமெல்லாம் இறங்கி, அட்டையைக் கையில் பிடித்து,
மணல் மூட்டைகளுக்கு நடுவால் முன்னுக்கு நடக்கும்.
பஸ் பின்னால் உருண்டு வரும்,
ஆளில்லாத சீற்றுகள் கிலுகிலுக்க.
அந்தப் பக்கம் திரும்ப ஏறுவோம்.
ஒரு நாள் எல்லாரும் ஏறின பிறகும்
சாரதிக்குப் பின் சீற் காலி.
மீன்கூடை ஒன்று மட்டும் காலடியில்.
சாரதி கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டார்.
கொண்டக்டர் டிக்கற் கட்டையைப் பார்த்தார்.
பிறகு போனோம்.

இகெரிடம் கேட்டேன்:
இறங்கினவை திரும்ப ஏறுமோ?
கேள்வி விளங்கவில்லை. தாயைப் பார்த்தான்.
மைதே தலைமயிரைப் பிழிந்துகொண்டே யோசித்தாள்.
அந்த வசனத்தில் ஏறாது என்றாள்.
நோ இல்லாத அடுத்த வசனத்தில் ஏறும்.

அடுத்த வசனம்.
ரசீதுப் புத்தகத்தில் அதைத் தமிழில் எழுதினேன்.
பக்கம் உப்பில் ஒட்டியிருந்தது,
பேனை இரண்டு தரம் சறுக்கியது.

கரை வந்ததும் முகக்கண்ணாடிகளை எண்ணினேன்.
பதினொன்று. ஒன்று குறைவு.
இகெர் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான்,
நான் சரியாகச் சொல்லட்டும் என்று.
கையை நீட்டினேன்.
நாக்கு பல்லில் பட்டது.